பூசணிக்காய் என்று கூப்பிட்டால்

“அப்பா, மலை. மேல போங்க. அப்பா, மலை. மேல போங்க.”

கத்திக்கொண்டிருந்தது கெசியா. அடித்தொண்டையின் கரகரப்பு, ‘மலை’ என்னும்போது வருகிற சின்ன நடுக்கம் எல்லாம் அவளுடையதுதான். ஆனால் கெசியா வாயை மூடிக்கொண்டு மீனம்பாக்கத்தில் ஓர் ஏசி அறையில் பள்ளிச் சீருடையோடு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். குரல் மேசைமேல் இருந்த ஒலிப்பெட்டியிலிருந்து வந்தது. ஏழுமடி மலை விமான நிலையத்தில் இறங்கப்போன ஒரு விமானத்தின் விமானி அறையில், பன்னிரண்டு நாளுக்கு முன்னால் பதிவானது. அந்த நேரத்தில் கெசியா பதினோராம் வகுப்பு வேதியியல் பாடத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

“பார்த்தாச்சும்மா,” என்றது ஒலிப்பெட்டியில் அப்பாவின் குரல். அவசரமே இல்லை. வாசலில் பால்காரர் வந்திருக்கிறார் என்று சொன்னால் பதில் சொல்கிற குரல்.

“அப்பா, மலை. மேல போங்க.”

“பார்த்தாச்சும்மா.”

“அப்பா…”

பிறகு அரை நொடி ஒன்றும் இல்லை. எச்சரிக்கை இயந்திரம் மூச்சு வாங்குகிறதோ என்று தோன்றியது. அடுத்து வந்ததும் கெசியாவின் குரல்தான், ஆனால் அதில் நடுக்கம் இல்லை. மொட்டைமாடியிலிருந்து கீழே இருப்பவரைக் கூப்பிடுகிற குரல்.

“பூசணிக்காய். அப்பா, பூசணிக்காய்.”

இன்ஜின் இரைச்சல் அறையை நிறைத்தது. ஏதோ கீழே விழுந்து உருண்டது. ஒரு பெண் “யா அல்லாஹ்” என்றாள். தென்னந்துடைப்பத்தால் சிமெண்டுத் தரையை ஒருமுறை இழுத்துவிட்டாற்போல ஒரு சத்தம். மரத்தின் உச்சிக்கிளைகள் விமானத்தின் வயிற்றில் பட்ட சத்தம் அதுதான் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

கோதண்டபாணி பொத்தானை அழுத்தி நிறுத்தினார். விசாரணைக் குழுவின் தலைவர் அவர். முப்பது வருடம் விமானம் ஓட்டி ஓய்வுபெற்றவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்தப் பூசணிக்காய்,” என்றார். “அப்பா அப்பான்னு கெடந்து கத்திருக்கு, கேப்டன் அசையல. பூசணிக்காய்னதும் ஃப்ளைட்ட மேல தூக்கிட்டாரு. நாங்களும் பன்னெண்டு நாளா மண்டைய ஒடச்சுக்கறோம். என்ன இது, திருஷ்டி கழிக்கறதா?”

ஓரத்தில் இருந்த ஒருவர் சிரிக்கத் தொடங்கி, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“பாப்பா, இந்த வார்த்தைய நீ ஸ்டுடியோல பேசிக் குடுத்தியா?”

“இல்ல சார்.”

“அப்ப மெஷினுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

கெசியா அப்பாவைப் பார்த்தாள். கேப்டன் ரூபன் ஞானதுரை தன் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமான நிறுவனம் எல்லா விமானிகளுக்கும் மாட்டிவிடுகிற கறுப்புப் பட்டை அங்கே இருந்தது. தூக்கத்தையும் நாடியையும் அளக்கிற பட்டை. நிறுவனத்தின் மருத்துவப் பிரிவில் பூட்டி அனுப்புவார்கள், திறக்கவும் அங்கேதான் போக வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கையிலேயே இருக்கும். அதில் ஒரு பச்சைப் புள்ளி விட்டுவிட்டு மின்னியது.

“தெரியல சார்,” என்றாள் கெசியா. அது பொய்யில்லை. பூசணிக்காய் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அது எப்படி அந்த விமானத்துக்குள் போனது என்றுதான் தெரியாது.

பத்து நிமிடம் டீக்கு விட்டார்கள்.

தாழ்வாரத்தின் கோடியில் ஜன்னலோரம் ஃபர்சானா நின்றிருந்தாள். அன்றைக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த துணை விமானி. காயல்பட்டினத்துப் பெண், இருபத்தாறு வயது. காகிதக் கோப்பையில் டீ ஆடை கட்டியிருந்தது. கெசியாவைப் பார்த்ததும் தள்ளி நின்று இடம் கொடுத்தாள்.

“அக்கா, அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டீங்களா?”

“பயப்பட நேரம் எங்க இருந்துச்சு? ஹோட்டல் ரூமுக்குப் போயி ஷூவக் கழட்டுனேன் பாரு, அப்பத்தான் காலு ஆட ஆரம்பிச்சுது. நாலு மணி நேரம் ஆடுச்சு. டிவியப் போட்டு வெச்சுட்டு காலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“அப்பா ஏன் மொதல்லயே தூக்கல?”

ஃபர்சானா டீயின் ஆடையை விரலால் எடுத்து ஜன்னல் விளிம்பில் தடவினாள்.

“ஏழுமடில எறங்கறதுக்கு முன்னாடி ஒரு மலை முதுகு இருக்கு. யானைன்னு பேரு வெச்சிருக்கோம். அதுக்கு மேல ஒட்டித்தான் போயாகணும், வேற வழி கெடையாது. ஒவ்வொரு தடவையும் மெஷினு மலை மலைன்னு கத்தும். வெயில் அடிச்சாலும் கத்தும், மழை பெஞ்சாலும் கத்தும். பொய் சொல்லுதுன்னு இல்ல. மலை நெசமாவே பக்கத்துலதான் இருக்கு. ரூல் என்னன்னா, மலை கண்ணுக்குத் தெரிஞ்சா பேசாமப் போய் எறங்கலாம். தெரியலன்னா ஒரு கேள்வி கேக்காம மேல தூக்கணும்.”

“தெரிஞ்சுதா?”

“கேளு. யானை வந்ததும் நான் ‘யானை’ம்பேன். சாரு ‘பார்த்தாச்சு’ம்பாரு. மலைய ரெண்டு பேரும் பாத்தாச்சுன்னு அர்த்தம். மொதல்ல பாத்துட்டுத்தான் சொன்னோம். எறநூறு தடவ, முந்நூறு தடவ போனப்புறம் அது பஸ்ல டிக்கெட் டிக்கெட்னு சொல்ற மாதிரி ஆயிடுச்சு. அன்னைக்கு முன்னாடி பூரா வெள்ளை. தலகாணிக்குள்ள மூஞ்சிய வெச்ச மாதிரி. நான் ஒண்ணத்தையும் பாக்கல. ஆனா யானைன்னு சொன்னேன். சாரும் ஒண்ணத்தையும் பாக்கல.”

கீழே டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மெஷினு ஏன்க்கா என் குரல்ல பேசணும்? முன்னாடி ஒரு இங்கிலீஷ் ஆம்பள பேசிட்டிருந்தார்ல?”

“அந்தாளு சொல்றத யாரும் கேக்கல. அதான் வீட்டு ஆளுங்க குரல வெச்சாங்க. யானையச் செதுக்கணும்னா செலவு. ரன்வேயத் திருப்பணும்னா அதவிடச் செலவு. குரல மாத்தறதுக்கு ரெண்டு நாள் ஸ்டுடியோ போதும்ல. ஓட்டறது ஒங்கப்பான்னா நீ. நானா இருந்தா எங்க உம்மா. ‘மலை வருது புள்ள, மேல போ’ன்னு உம்மா சொன்னா கை தானாப் போகும். மொத மாசம் எறங்கினப்புறம் சீட்லயே உக்காந்து அழுதிருக்கேன்.”

“இப்ப?”

“இப்ப உம்மா போன் பண்ணா எடுக்கறதில்ல. அந்தக் குரல் கேட்டாலே மண்டைக்குள்ள ஒரு கதவு மூடிக்குது. எதுவா இருந்தாலும் மெசேஜ் போடுங்கன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு எழுத வராது. தெனம் காலைல ரோஜாப்பூ படம் அனுப்புவாங்க.”

கெசியா தன் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். கட்டுப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்து, வேறு யாருடைய கையையோ ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

“ஒண்ணு சொல்றேன். உள்ள போய்ச் சொல்லிடாதீங்க.”

“சொல்லு.”

“ஜூலைல நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். ஷாம்பு. கை அடில மாட்டி ஒடிஞ்சுது, தலையும் சுவத்துல இடிச்சுது. எந்திரிக்க முடியல. அம்மா சர்ச்சுல பாட்டு பிராக்டிஸுக்குப் போயிருந்தாங்க. அப்பா ஹால்லதான் இருந்தாங்க, சட்டைக்கு அயர்ன் போட்டுட்டு. அயர்ன் பாக்ஸ் புஸ்ஸு புஸ்ஸுங்கற சத்தம் எனக்குக் கேட்டுது. அப்பான்னு கூப்ட்டேன்.”

“கேக்கலயா?”

“கேட்டுது. பார்த்தாச்சும்மான்னாங்க.”

ஃபர்சானா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“மறுபடி கூப்ட்டேன். பார்த்தாச்சும்மா. அப்புறம் கத்தினேன். பார்த்தாச்சும்மா. புஸ்ஸு. பார்த்தாச்சும்மா. புஸ்ஸு. நாலு சட்டை முடிச்சாங்க. அம்மா வந்துதான் கதவ ஒடச்சாங்க. கேட்டா, கெசி என்னக் கூப்பிடவே இல்லையேன்னு சொல்றாங்கக்கா. பொய் சொல்லல. அவங்களுக்கு நெசமாவே தெரியல.”

சொல்லும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. வேறு ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. அந்த நாலு சட்டைகளையும் அன்று சாயங்காலம் அவள் பார்த்தாள். ஒரு மடிப்புகூடக் கோணவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அப்பா குரோம்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே காரை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்துவிட்டு முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏட்டி, எத்தன தடவ கூப்ட்ட?”

“எண்ணலப்பா.”

வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை வேண்டும் என்றார். இதுவரை அவரிடம் யாரும் கத்தியிராத, இனியும் யாரும் கத்தமாட்டாத வார்த்தை. நிஜமான ஆபத்துக்கு மட்டும். அம்மா ஹெப்சி அப்போது அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கெசியா அதைப் பார்த்தாள்.

“ஆபத்துல எவளாவது பூசணிக்காய்னு கத்துவாளா?” என்றார் அப்பா.

“அதுக்குத்தான்ப்பா.”

வார்த்தை இருந்தால் போதாது, உடம்புக்குப் பழக வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. விமானிகள் எதையும் காகிதத்தில் படித்துவிட்டு நம்ப மாட்டார்கள். செய்து பார்ப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கெசியா கட்டுப் போட்ட கையோடு மொட்டைமாடியில் நின்று கூப்பிட்டாள். “பூசணிக்காய். அப்பா, பூசணிக்காய்.” அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு படியேறி ஓடி வந்தார். இரண்டாவது தடவை இன்னும் வேகம். மூன்றாவது தடவை படியில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், “என்ன சார், காய்கறி யாவாரத்துல எறங்கிட்டீங்களா?” என்று கேட்டார். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். கெசியாவும் சிரித்தாள். அவளுடைய ‘அப்பா’ கெட்டுப்போய்விட்டது, சரி, அதற்குப் பதில் ஒன்று கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

“அதுக்கப்புறம் அத ஒரு தடவகூடச் சொல்லக்கூடாதுன்னாங்க,” என்றாள் ஃபர்சானாவிடம். “வெளையாட்டுக்குக்கூட. சொன்னா அதும் பழகிடும்னாங்க. அம்மாவே மார்க்கெட்ல அந்தக் காய வாங்கறத நிறுத்திட்டாங்க.”

ஃபர்சானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் மெதுவாக நடந்து வந்தார். வேட்டி சட்டை, சட்டைக்கு மேலேயே மார்பைச் சுற்றிப் பட்டி. அன்றைக்கு விமானம் சட்டென்று மேலே ஏறியபோது பெல்ட் போடாமல் இருந்து விலா எலும்பு முறிந்த பயணி. எழுபத்தொரு பேரில் அடிபட்டவர் அவர் ஒருவர்தான். சாட்சி சொல்ல வந்திருந்தார்.

“நீதானாம்மா அந்தக் குரலு?”

கெசியா தலையாட்டினாள்.

“எம்பொண்ணு ரெண்டு பசங்களோட பக்கத்து சீட்ல இருந்துச்சு. மூணு பேருக்கும் ஒரு கீறல் இல்ல.” அவர் கும்பிடக் கையைத் தூக்கினார். வலித்திருக்க வேண்டும், பாதியில் இறக்கிக்கொண்டார். “நல்லா இரும்மா. சிரிச்சாதான் வலிக்குது. அதனால சிரிக்காமப் போறேன்.”

மறுபடி உள்ளே போனபோது சுவரில் ஒரு படத்தைப் போட்டிருந்தார்கள். நிறுவனத்தின் பொறியாளர் தீபன் எழுந்து நின்றார். சின்ன வயது, கனிவான முகம்.

“பூசணிக்காய் எங்கேருந்து வந்துதுன்னு கண்டுபிடிச்சுட்டோம் சார். ரொம்ப சிம்பிள். கேப்டன் கைல இருக்கற பட்டை நாடியப் பாக்குது. எந்தச் சத்தத்துக்கு நாடி எகிறுதுன்னும் பாக்குது. வேலை நேரம்னு இல்ல, எப்பவும். ஒப்பந்தத்துல பதினாலாம் பக்கம். கேப்டன் கையெழுத்து இருக்கு, குரல் குடுத்த பாப்பாவோடது இருக்கு, அம்மாவோடதும் இருக்கு.”

கெசியாவுக்கு அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது. ஸ்டுடியோவில் கையெழுத்துக்கு அப்புறம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள்.

சுவரில் ஒரு கோடு. இடது பக்கம் உயரத்தில் தொடங்கி, வலது பக்கம் கீழே வந்து தரையோடு படுத்திருந்தது.

“இது பாப்பா ‘அப்பா’ன்னு கூப்பிடறதுக்கு கேப்டனோட நாடி. மொத மாசம் இங்க. ஆறாவது மாசம் இங்க. இப்ப இங்க.”

“இது ஃப்ளைட்ல எடுத்ததா, வீட்ல எடுத்ததா?” என்று கேட்டார் கோதண்டபாணி.

“ரெண்டும் ஒரே கோடுதான் சார்.”

கெசியா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கும் உடையாமல், குலுங்காமல், ஓர் ஒழுங்கில் இறங்கியிருந்தது. நல்ல விமானி இறக்குகிற விமானம் அப்படித்தான் இறங்கும் என்று அப்பா ஒருமுறை அவளுக்கு வரைந்து காட்டியிருந்தார். எந்த இடத்தில் அவளுடைய பிறந்தநாள் வந்திருக்கும் என்று தேடிப் பார்த்தாள். தனியாகத் தெரியவில்லை.

“பாப்பா மேல தப்பு இல்ல,” என்றார் தீபன் அவளிடம். “எல்லா வீட்லயும் இப்படித்தான் எறங்குது.” பிறகு படத்தை மாற்றினார். தட்டையான கோட்டில் ஓரிடத்தில் மூன்று ஊசிகள் நின்றன. “ஆகஸ்ட் மாசம், ஒரு ஞாயித்துக்கெழம, காலைல பத்தரை மணி. பூசணிக்காய்ங்கற சத்தம் மூணு தடவ. நாடி எங்க போயிருக்கு பாருங்க. பூசணிக்காய்னா என்னன்னு சிஸ்டத்துக்குத் தெரியாது. ஏழுமடில அத்தன தடவ கூப்ட்டும் கேப்டன் அசையல. இருக்கறதுலயே பெரிய ஊசி எதுவோ அத எடுத்துப் போட்டுது.”

கோதண்டபாணி அப்பாவின் பக்கம் திரும்பினார். “கேப்டன், ஒங்கள ஒண்ணு கேக்கணும். மேகத்துக்குள்ள இருக்கீங்க, ஒண்ணும் தெரியல. எதப் பார்த்துட்டு பார்த்தாச்சுன்னு சொன்னீங்க?”

அப்பா மணிக்கட்டில் இருந்த பட்டையை ஒருமுறை சுற்றிவிட்டார்.

“மலைய நெனச்சுச் சொல்லல சார். கெசி கூப்ட்டா நான் சொல்றது அது.”

அம்மா கெசியாவின் தோளில் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு விமானிகளுக்கும் இரண்டு மாத மறுபயிற்சி, பிறகு வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். விமானம் பிழைத்தது இந்தக் குரல் ஏற்பாட்டால்தான் என்று அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னார்கள். தீபன் ஒற்றைத் தாளை எடுத்து வந்தார். பூசணிக்காய் ஸ்டுடியோவில் கொடுத்த வார்த்தை அல்ல என்பதால் அதைத் தொடர்ந்து பயன்படுத்தத் தனியாகக் கையெழுத்து வேண்டும். இனி ஏழுமடியில் முதல் கூப்பாடே அதுவாக வைக்கலாம் என்று திட்டம்.

கெசியா அன்றைக்கு முதல்முறையாகத் தானாகப் பேசினாள்.

“வெயில் நாள்லயும் சொல்லுமா?”

“சொல்லும். மலை பக்கத்துல வந்தா சொல்லும். அதுக்கு வெயில், மேகம் எல்லாம் தெரியாது.”

“எத்தன நாளைக்கு வேல செய்யும்?”

தீபன் மடிக்கணினியைப் பார்த்தார். அதில் விடை இருந்தது, சொல்லலாமா என்றுதான் யோசித்தார். “ஒரு எட்டு மாசம்னு வெச்சுக்கலாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் வேற எதாவது கெடைக்கும்மா. வீட்ல பேசிட்டுத்தான இருப்பீங்க.”

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

“போடாத கெசி,” என்றார் அப்பா. “அது அவளோடது சார். அத விட்டுருங்க.”

“போட வேண்டாம்னா வேண்டாம்,” என்றார் கோதண்டபாணி. “கட்டாயம் இல்ல. போடலன்னா பழைய ‘அப்பா’தான் ஓடும்.” அவர் சுவரைக் காட்டவில்லை. காட்டாவிட்டாலும் எல்லோரும் அங்கேதான் பார்த்தார்கள். முதல் படம் மறுபடி வந்திருந்தது. கோடு தரையோடு படுத்திருந்தது.

கெசியா விலா எலும்பு முறிந்தவரை நினைத்துக்கொண்டாள். அவருடைய பெண்ணையும், இரண்டு பையன்களையும். ஒரு கீறல் இல்லை என்று சொன்னாரே. பிறகு பாத்ரூம் தரையை நினைத்தாள், கன்னத்தில் பட்ட ஈரத்தை, புஸ்ஸு சத்தத்தை. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் விடை சொல்லிவிடும். அவளுக்கும் தெரிந்தது. தெரிந்ததால் ஒன்றும் லேசாகிவிடவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மணிக்கட்டு இன்னும் சரியாகத் திரும்பவில்லை, அதனால் பெயர் மேலேறிக் கோட்டைத் தாண்டிப் போனது. அம்மாவும் அதற்குக் கீழே போட்டாள்.

ஃபர்சானா கிளம்பும்போது கெசியாவின் பக்கத்தில் வந்து நின்றாள். தன் போனை எடுத்துக் காட்டினாள். அன்று காலையில் வந்த ரோஜாப்பூ. அதற்குக் கீழே பதில் ஒன்றும் இல்லை.

பல்லாவரம் சிக்னலில் கார் நின்றது. தலைக்குமேல் ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ்வாகப் போனது. அப்பா அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்கண்ணாடியில் கெசியாவைப் பார்த்தார்.

“ஏன்ட்டி போட்ட?”

“ஏழுமடி போறப்ப உங்களுக்கு வேணும்லப்பா.”

“ஒனக்கு?”

கெசியா பதில் சொல்லப்போனாள். வேறொரு வார்த்தை கண்டுபிடித்தால் போயிற்று என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஸ்டீயரிங்மேல் இருந்த அப்பாவின் மணிக்கட்டில் பச்சைப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்பாவுக்கும் புரிந்தது. சிக்னல் மாறி, பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்வரை அவர் வண்டியை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா யாரிடமும் கேட்காமல் உப்புமா கிண்டினாள். மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். நடுவில் அம்மா தண்ணீர்ச் செம்பைக் கையால் காட்டிக் கேட்டாள். அப்பா நகர்த்தினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கையால் காட்டுவது பழக்கமாகிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு கெசியா வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தாள். அதில் ஒரு வார்த்தையை எழுதினாள். என்ன வார்த்தை என்று இங்கே சொல்வதற்கில்லை. கதை சொல்கிறவருக்கும் அது தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் நியாயம். கொண்டுபோய் அப்பாவின் கையில் கொடுத்தாள். பட்டை இல்லாத வலது கையில்.

அப்பா படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. சிரிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறாள் கெசியா. பிறகு தாளை நான்காக மடித்து, கொடியில் தொங்கிய சீருடைச் சட்டையின் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பார்த்தாச்சு என்றுதான் அதற்கு அர்த்தம். அந்தச் சொல்லை வாயால் சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

கெசியா பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினாள். புதிய தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள், வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி. கீழே ரப்பர் விரிப்பு. ஹாலில் அப்பா நடக்கிற சத்தம் கேட்டது. பத்தடி தூரம்கூட இருக்காது.

பூசணிக்காய்க்கு அப்பா ஓடி வந்ததற்குக் காரணம் அந்த வார்த்தை இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. மொட்டைமாடியில் மூன்று தடவை கத்தி, மூன்று தடவை அவர் ஏறி வந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, அப்படிப் பழகியதால் வந்தார். இந்தப் புது வார்த்தையைப் பழக வேண்டுமானால் அவர் காதில் விழும்படி கூப்பிட வேண்டும். அவர் காதில் விழுந்தால் பட்டையின் காதிலும் விழும். அப்புறம் அது யானையின் முதுகுக்குப் போய்விடும்.

கண்ணாடியில் பார்த்தபடி அந்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். சத்தம் வரவிடவில்லை. ஈரத் தரையில் கால் லேசாக வழுக்கியது, குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தடவைகூடச் சத்தமாகச் சொல்லிப் பார்க்காத வார்த்தையை, நிஜமாகவே ஒருநாள் கத்தினால், அப்பாவின் உடம்பு எழுந்து வருமா?